குழி கேட்ட தெரு

பிள்ளைகளே,

நம் தெருவில் எட்டுக் குழிகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். சைக்கிளை எந்த இடத்தில் வளைத்து ஓட்ட வேண்டும் என்பது உங்கள் கைக்கே பழக்கம். ஒன்பதாவதாக ஒரு சின்னக் குழி இருக்கிறது. கடைசி வீட்டு வேப்பமரத்து நிழலில், ஒரு விரல் ஆழத்துக்கு. போன மாதம் வார்டுக் கூட்டத்தில் அந்தச் சின்னக் குழியைப் பற்றிப் பேச்சு வந்தபோது பெரியவர்கள் எல்லாரும் ஏன் சிரித்தார்கள் என்று கேட்டீர்கள். ஒரே வரியில் சொல்ல முடியாது என்று அன்றைக்குத் தட்டிக்கழித்துவிட்டேன். அதனால்தான் இப்போது எழுத உட்கார்ந்தேன். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். எழுத்து அங்கங்கே முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னோடு அந்தத் தெருவில் கோலி ஆடியவர்கள் யாராவது படித்தால், நான் விட்டதை நீங்கள் சேர்த்துச் சொல்லுங்கள். நமக்கெல்லாம் வயசாகிக்கொண்டு வருகிறது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. உங்கள் அத்தை, அதாவது என் தங்கை, ஒன்றாம் வகுப்பு. நம் தெரு அப்போது மண் தெரு. வெயில் காலத்தில் கோதுமை மாவு மாதிரிப் புழுதி, மழைக்காலத்தில் களி. அந்தத் தெருவில்தான் எங்கள் வீட்டார் பட்டுப் பாவு விரித்தார்கள்.

வேறு ஊர்ப் பிள்ளைகளும் படிக்கலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். புடவையில் நீளவாக்கில் ஓடும் இழைகள் எல்லாம் சேர்ந்ததுதான் பாவு. அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் முழு நீளத்துக்கும் விரித்து, இழுத்துக் கட்டி, கஞ்சித் தண்ணீர் தெளித்து, ஒட்டிக்கொண்ட இழையைப் பிரித்து, அறுந்த இழையை முடிந்து காயவைப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். வீட்டுக்குள் அவ்வளவு நீளத்துக்கு இடம் ஏது? தெருதான் இடம். அதனால் வீட்டுக்கு வீடு முறை வைத்திருந்தார்கள். இன்றைக்கு இவர்கள் பாவு என்றால் நாளைக்கு அவர்கள் பாவு.

விடிந்ததும் காதில் விழும் முதல் சத்தம் கொட்டாப்புளிச் சத்தம்தான். கொட்டாப்புளி என்றால் மரச் சுத்தியல். பாவின் இரண்டு முனைகளையும் கழியில் மாட்டி, அந்தக் கழியைக் கயிறு போட்டு இரும்பு முளைகளில் கட்டுவார்கள். இந்தப் பக்கம் இரண்டு முளை, அந்தப் பக்கம் இரண்டு முளை. முளை மண்ணில் இறங்கும் ‘டொக் டொக்’ சத்தம், பாயில் படுத்திருக்கும் எனக்குத் தரை வழியாகவே வரும். பின்னாலேயே கஞ்சி வாசனை வரும். அரிசிக் கஞ்சியும் ஈரப் பட்டும் சேர்ந்தால் ஒரு தனி வாசனை. மழையில் நனைந்த கோழி மாதிரி இருக்கிறது என்று உங்கள் அத்தை சொல்லுவாள். அதைச் சொல்லி அம்மாவிடம் ஒரு முறை குட்டும் வாங்கினாள்.

பாவு விரித்திருக்கும் நேரத்தில் தெருவில் எல்லாருக்கும் தனி நடை வந்துவிடும். பால்காரர் சைக்கிளிலிருந்து இறங்கி, சுவரோடு சுவராக உருட்டிக்கொண்டு போவார். கீரைக்கார அம்மா கூடையைத் தலையிலிருந்து இறக்கி இடுப்பில் வைத்துக்கொள்வார். நாய்கூடப் பாவுக்கு அடியில் குனிந்துதான் போகும். சத்தியமாகச் சொல்கிறேன், குனியும்.

எட்டு, எட்டரைக்குப் பாவைச் சுருட்டி எடுத்ததும் முளைகளைப் பிடுங்கிவிடுவார்கள். வண்டிகள் போக வேண்டுமே. முளை இருந்த இடத்தில் குழி இருக்கும். தினமும் அதே இடத்தில் அடிப்பதால் குழியின் வாய் வழவழவென்று அகன்றிருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு பாவு விரிக்கிற மாதிரி எட்டு இடங்களில் எட்டுக் குழிகள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவையெல்லாம் எங்களுடைய கோலிக் குழிகள். கொஞ்சம் மண்ணைப் போட்டு ஆழத்தைச் சரிசெய்துகொண்டால் போதும். உங்கள் அத்தை இடதுகைக்காரி. அவளிடம் ஒரு பச்சைக் கோலி இருந்தது. உடைந்த கோலி சோடா பாட்டிலிலிருந்து எடுத்தது. வெயிலில் தூக்கிப் பிடித்தால் உள்ளே ஒரு குமிழி தெரியும். அந்தக் கோலியை வைத்துக்கொண்டு அவள் எங்களையெல்லாம் ஓட ஓட அடித்தாள். தோற்ற பையன்கள் அதில் மந்திரம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. மழை விட்ட ஒரு காலையில் யாரோ ஒருவருடைய அரக்குச் சிவப்புப் பாவு விரித்திருந்தது. எங்கிருந்தோ ஒரு பன்றிக் கூட்டம் சேற்றில் விழுந்தடித்து ஓடி வந்தது. பாவில் படவில்லை. ஆனால் தெறித்த சேறு ஒரு கோடி முழுக்கப் புள்ளி வைத்துவிட்டது. அதை அலசி, மறுபடி கஞ்சி போட்டு நிமிர்வதற்குள் அந்த வீட்டம்மா அழுதே விட்டார். அன்றைக்குத்தான் பெரியப்பா சொன்னார், இனிமேல் இந்தத் தெருவுக்கு சிமெண்டு ரோடுதான் என்று.

பெரியப்பா என்றால் என் அப்பாவின் அண்ணன். தெருவுக்குக் குழாய் வந்தது அவரால். விளக்குக் கம்பம் வந்தது அவரால். நகராட்சிக்குப் போவதற்கென்றே ஒரு வெள்ளைச் சட்டை வைத்திருந்தார். பையில் ஒரு பேனா இருக்கும். அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. இருந்தாலும் பேனா இல்லாமல் அந்தச் சட்டையைப் போட்டு நான் பார்த்ததில்லை. மனுவை எழுதித் தருவது எப்போதும் கடைசி வீட்டு டீச்சரம்மாதான். அவர் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர், எனக்கு வகுப்பு டீச்சரும்கூட. எங்கள் தெருவில் தறி இல்லாத ஒரே வீடு அவருடையது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் சர்ச் முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு, வேப்பமரத்தடியில் எல்லாரும் கூடினார்கள். டீச்சரம்மா கார்பன் தாள் வைத்து எழுத உட்கார்ந்தார். முதல் கோரிக்கை சிமெண்டு ரோடு. பிறகு கால்வாய், கொசு, ஒழுகுகிற குழாய், பன்றி என்று ஆளுக்கு ஒன்று சொல்ல எட்டு சேர்ந்தது. டீச்சரம்மா ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு எழுதி, வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் எல்லாரும் இல்லை என்றார்கள். அத்தனை பேரும் வருஷக்கணக்காக முளை அடித்தவர்கள். ஒருவர் வாயிலும் முளை வரவில்லை. இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. மூச்சு விடுவதற்குக் காற்று வேண்டும் என்று யாராவது மனுவில் எழுதுவார்களா? அப்படித்தான் இருந்திருக்கும்.

நாங்கள் பிள்ளைகள் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தோம். டீச்சரம்மா எங்கள் பக்கம் திரும்பி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். தங்கை முன்னால் வந்தாள்.

“ரோடு போட்டா குழியெல்லாம் மூடிடுவாங்களா டீச்சர்?”

“மூடிடுவாங்கதான்.”

“அப்ப மூட வேணாம்னு எழுதுங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரம்மா சிரிக்கவில்லை. ஒன்பது என்று நம்பர் போட்டு, ‘தெருவில் உள்ள குழிகளை மூட வேண்டாம்’ என்று முத்து முத்தாக எழுதினார். பெரியப்பா மனுவை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒன்பதாவது வந்ததும் முகம் மாறிவிட்டது.

“இன்னா டீச்சரம்மா இது? இது கவர்மெண்டு மனு. கோலி ஆடறதுக்கெல்லாம் எழுதினா நம்ம ரோடும் சேர்ந்து போயிடும்.”

“அவளும் இந்தத் தெருவுலதானே இருக்கறா?” என்றார் டீச்சரம்மா.

பெரியப்பா பையிலிருந்த பேனாவை எடுத்து அந்த ஒரு வரியை அழுத்தி அடித்தார். கீழே கார்பன் இருந்ததால் நகலிலும் கோடு விழுந்தது. நகராட்சியில் முத்திரை வாங்கிய பிறகு நகல் டீச்சரம்மாவிடமே இருந்தது. அன்றிலிருந்து தங்கை பெரியப்பாவின் சைக்கிளில் ஏறுவதை நிறுத்திவிட்டாள். பின்னால் உட்காரச் சொல்லி அவர் மணி அடிப்பார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நடப்பாள்.

மனுவோடு பெரியப்பா எத்தனை முறை நகராட்சிக்குப் போனாரோ தெரியாது. அந்த வெள்ளைச் சட்டை கொடியில் காயாத வாரமே இல்லை. கார்த்திகை போய் மார்கழி பிறந்த பிறகு ஓவர்சியர் டேப் பிடித்துத் தெருவை அளந்தார். செய்யாறு பக்கத்துக்காரர், நல்ல மனிதர், எல்லார் வீட்டிலும் மோர் வாங்கிக் குடித்தார். பொங்கல் முடிந்ததும் மணல் வந்து இறங்கியது. அந்த மணல் மேட்டில் நாங்கள் ஆடிய ஆட்டத்தை எழுதினால் இது முடியாது.

ரோடு போடத் தொடங்கிய நாள் எங்கள் தெருவுக்குக் கல்யாண நாள் மாதிரி. மேற்குக் கோடியில் கலவை மிஷின் கடகடவென்று ஓடியது. ஈரச் சிமெண்டின் வாசனை எனக்குப் பிடித்திருந்தது, முதல் மழை மண்ணைத் தொட்ட மாதிரி. பெரியப்பா வெள்ளைச் சட்டையோடு நடுத்தெருவில் நின்று, வருகிறவர்களையெல்லாம் கல்யாண மண்டபத்து வாசலில் வரவேற்பது போல வரவேற்றார். பக்கத்துத் தெருவிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்கள். சாயங்காலத்துக்குள் தெருவில் கால்வாசி முடிந்துவிட்டது. ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு ரோடு படுத்திருந்தது.

அதிலிருந்து நாலாம் நாள் எங்கள் வீட்டுப் பாவின் முறை. அம்மா எதையும் கடைசி நேரத்துக்கு வைக்க மாட்டாள். ரோடு தொடங்கிய சாயங்காலமே கயிற்றையும் முளைகளையும் எடுத்துத் தட்டிப் பார்த்தவள், அப்படியே ஒரு முளையைக் கையில் பிடித்தபடி ரோட்டைப் பார்க்க வெளியே வந்தாள். மேற்குக் கோடியில் எங்கள் முளை இறங்கும் இடத்தில் போய் நின்றாள். ரோட்டைப் பார்த்தாள். கையிலிருந்த முளையைப் பார்த்தாள். பெரியப்பாவை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

“மாமா,” என்றாள், “முளைய எங்க அடிக்கறது?”

தெருவே நின்றுவிட்டது. மிஷினையும் நிறுத்தியிருந்த நேரம் அது. கலவை ஆட்கள் கை கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடப்பாரை போட்டாலும் இறங்காது என்றார் ஒருவர். பாவை சேவூர்ப் பக்கம் வயல்வெளிக்குத்தான் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்றார் இன்னொருவர். பக்கத்துத் தெருக்காரர்கள் இடம் தரலாம், ஆனால் அவர்களுக்கே முறை போதவில்லை. வேலையை நிறுத்தினால் ரோடு வேறு தெருவுக்குப் போய்விடும், இன்னும் பத்து வருஷத்துக்கு இந்தப் பக்கம் வராது. நிறுத்தாவிட்டால் பாவு விரிக்க இடம் இல்லை. ரோடு வேண்டும் என்று மூன்று மாதம் அலைந்தவரைத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

 டீச்சரம்மா தன் வீட்டு வாசலில் முறத்தோடு நின்றிருந்தார். அவர் காதில் விழும்படியாகவே பெரியப்பா சொன்னார்.

“எழுதினவங்க ஒரு வார்த்தை கேட்டிருக்க வேணாமா? படிச்சவங்கதானே?”

டீச்சரம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. அவர் மூன்று முறை கேட்டதை எண்ணியவன் நான். பெரியப்பா பொல்லாதவர் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். இப்போது எனக்கு அவர் வயசு. தெரு முழுக்கத் தன்னையே பார்க்கும்போது ஒரு மனுஷனுக்கு எவ்வளவு பயம் வரும் என்று தெரிகிறது.

மேஸ்திரி மட்டும் நியாயமாகப் பேசினார். தன் கையில் ஒன்றும் இல்லை, ஓவர்சியர் சொன்னால் எதையும் செய்வதாகச் சொன்னார். “நாளைக்குப் பன்னண்டு மணி வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல ஆளுங்கள சும்மா உக்கார வெச்சிகினு இருக்க முடியாதுங்க,” என்றார்.

மறுநாள் காலையில் நான் டீச்சரம்மா வீட்டு வாசலில் பெரியப்பாவைப் பார்த்தேன். செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு, படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். டீச்சரம்மா கதவைத் திறந்ததும் தொண்டையைக் கனைத்தார்.

“டீச்சரம்மா, பேனா இருக்குதுங்களா?”

அவர் பையில் பேனா செருகியிருந்தது. டீச்சரம்மா அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

“பேனா குடுத்தா நீங்க எழுதப் போறீங்களா, அண்ணே?”

“நீங்கதான் எழுதணும்.”

“எழுதி வெச்சிட்டேன். அரை நாள் லீவும் சொல்லி அனுப்பிட்டேன். கெளம்புங்க,” என்றார் டீச்சரம்மா. பிறகு என்னைப் பார்த்து, “போய் உன் தங்கச்சியக் கூட்டிகினு வா. ஒன்பதாவது கோரிக்கை அவளோடது,” என்றார். பெரியப்பா வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படித்தான் ஒரு பத்துப் பேர் நகராட்சிக்கு நடந்தோம். அம்மா ஒரு முளையைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தாள், அதிகாரிகளுக்குக் காட்டலாம் என்று. வாசலில் இருந்த பியூன் சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு மிரண்டு போனார். “இன்னா இது, ஆபீசுக்குள்ள இரும்பெல்லாம் எடுத்துகினு வரீங்க? அடிதடியா?” என்றார். எவ்வளவு சொல்லியும் விடவில்லை. முளை அவருடைய ஸ்டூலுக்கு அடியில் தங்கிவிட்டது. எங்களிடம் இருந்த ஒரே சாட்சியும் வெளியே நின்றுபோனது.

சேர்மன் அரிசி மண்டிக்காரர். நெல்லைக் கையில் எடுத்தாலே எந்த வயல் என்று சொல்லுவார். நூல் விஷயம் அவருக்குத் தெரியாது. டீச்சரம்மா எழுதிய மனுவைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

“குழி வேணுமா?” என்றார். மேஜைமேல் இருந்த கட்டைத் தட்டிக் காட்டினார். “இந்த மனுவெல்லாம் பாருங்க. அவ்வளவும் குழியை மூடு, குழியை மூடுன்னு வந்தது. குழி வேணும்னு வந்தது நீங்க மட்டுந்தான்.”

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பாவின் காது சிவந்துபோனது. பக்கத்தில் நின்ற ஓவர்சியர், முதல் மனுவில் இதைப் பற்றி ஒன்றுமே இல்லையே, எஸ்டிமேட் போட்டாகிவிட்டதே என்றார். டீச்சரம்மா பையைத் திறந்து, ஊதா முத்திரை குத்திய பழைய நகலை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஓவர்சியர் குனிந்து பார்த்தார்.

“ஒன்பதாவதா ஒண்ணு இருக்குதுங்க ஐயா. ஆனா அடிச்சிருக்குது.”

“யாரு அடிச்சது?” என்று சேர்மன் டீச்சரம்மாவைப் பார்த்துக் கேட்டார். எழுத்து அவருடையது, அடித்ததும் அவராகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். டீச்சரம்மா வாயைத் திறக்கவில்லை.  ஆமாம் என்று அவர் தலையசைத்திருந்தால் அதோடு போயிருக்கும். பெரியப்பாவுக்கும் அது தெரிந்திருக்கும்.

“நான்தாங்க,” என்றார் பெரியப்பா. “கொழந்த கேட்டுச்சு. இவங்க எழுதினாங்க. அடிச்சது நான். நேத்து தெருவுல நின்னு இவங்க மேலயே பழியும் போட்டேன். அதுவும் நான்தான்.”

டீச்சரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார்.

சேர்மன் சிரிப்பை நிறுத்திவிட்டார். அந்தக் குழியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டார். பெரியப்பா பியூன் பக்கம் பார்த்தார். முளை வராது என்று தெரிந்ததும் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார்.

“ஐயா, இந்த மொனைய ரெண்டு கையாலயும் புடிங்க. சார், நீங்க அந்த மொனைய. இஸ்துப் புடிங்க. தொங்கக் கூடாது, ரெண்டு பக்கமும் ஒரே இழுவ இருக்கணும்.”

சேர்மனும் ஓவர்சியரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெரியப்பா தெருவில் நிற்பது போலவே குனிந்து, துண்டில் இல்லாத இழைகளை விரலால் பிரித்தார். இல்லாத அறுந்த இழையை முடிந்தார். ஊஃப் என்று இல்லாத கஞ்சியை வாயால் ஊதித் தெளித்தார். அவசரமே படவில்லை. கொஞ்ச நேரத்தில் ஓவர்சியர் பக்கம் துண்டு இறங்கியது.

“பாருங்க, சார் பக்கம் தளந்துடுச்சு. இப்ப இத தறியில ஏத்தினா அந்தப் பக்கம் பொடவ சுருங்கிகினு வரும். கல்யாணப் பொண்ணு கட்டிகினு நின்னா கோணலாத் தெரியும்.”

“இன்னும் எவ்வளவு நேரம்யா புடிக்கணும்?” என்றார் சேர்மன். அவர் கையும் நடுங்கத் தொடங்கியிருந்தது.

“ஆறு மணியிலேருந்து எட்டு, எட்டரை வரைக்குங்க.”

சேர்மன் துண்டை விட்டுவிட்டார். இந்த முறை பெரியப்பாவும் சேர்ந்து சிரித்தார். “அதுக்குத்தாங்க முளை. முளைக்குத்தாங்க குழி,” என்றார்.

ஓவர்சியருக்கு அதற்குள் வழி தோன்றிவிட்டது. இரும்புக் குழாயைத் துண்டு துண்டாக வெட்டி சிமெண்டோடு புதைத்துவிடலாம், அதில் முளையை இறக்கலாம், பிடுங்கலாம், ரோடும் கெடாது என்றார். எத்தனை வேண்டும் என்று கேட்டதற்குப் பெரியப்பா எட்டு என்றார். அந்த மனுவின் ஓரத்திலேயே சேர்மன் எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டார்.

“நீதான் கோலிக்கு எழுதச் சொன்ன பொண்ணா? எங்க உன் கோலி?”

அவள் பாவாடை முடிச்சை அவிழ்த்துப் பச்சைக் கோலியை எடுத்துக் காட்டினாள். சேர்மன் வாங்கி, அடேயப்பா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மனுக்கட்டின்மேல் வைத்தார். அப்போது யாரோ வந்து அவரைக் கூப்பிட்டார்கள். பெரியவர்கள் கும்பிட்டுவிட்டு வேகமாக வெளியே வந்தார்கள். பன்னிரண்டு மணிக்குள் மேஸ்திரியிடம் போய்ச் சேர வேண்டுமே. கோலி மேஜைமேலேயே இருந்துவிட்டது.

வழியெல்லாம் தங்கை அழுதுகொண்டு வந்தாள். வெயிலில் நடந்த களைப்பு என்று அம்மா தூக்கிக்கொண்டாள். பசியாக இருக்கும் என்று பெரியப்பா பன் வாங்கிக் கொடுத்தார். அவள் அதைத் தின்றுகொண்டே அழுதாள். காரணம் எனக்குத் தெரியும். ஆனால் அத்தனை பேர் சந்தோஷமாக ஜல்தி ஜல்தியாக நடக்கும்போது ஒரு கோலிக்காகத் திரும்பிப் போகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உங்கள் அத்தையிடம் அதற்காக நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இதைப் படிப்பாள், தெரிந்துகொள்ளட்டும்.

பன்னிரண்டுக்கு முன்னாலேயே சேர்மன் கையெழுத்துப் போட்ட மனு மேஸ்திரி கைக்குப் போய்விட்டது. மத்தியானம் குழாய்த் துண்டுகள் வந்தன. ஆறு குழிகள் கச்சிதமாக அமைந்தன. மேற்குக் கோடியில் முதல் நாளே போட்ட இடத்தில் மட்டும் கடப்பாரையால் உடைத்து இரண்டு குழாய்களைப் புதைக்க வேண்டியிருந்தது. அதில் ஒன்று கோணிக்கொண்டது. அந்தக் குழியில் இறக்கினால் முளை இன்றைக்கும் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும். நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள்.

கோலி விஷயத்தை மறுநாள்தான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பெரியப்பாவிடம் சொன்னாள். அவர் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கையில் மனு இல்லாமல் அவர் நகராட்சிக்குப் போனது அன்றைக்கு மட்டும்தான். கோலி கிடைக்கவில்லை. பாப்பா தனக்குக் கொடுத்துவிட்டுப் போயிற்று என்று நினைத்து, சேர்மன் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பேரப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டாராம்.

அதற்கடுத்த நாள் ரோடு கடைசி வீடு வரை வந்து சேர்ந்தது. நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வேப்பமரத்தடியில் சிமெண்டு இன்னும் ஈரமாக இருந்தது. பெரியப்பா குந்தி உட்கார்ந்திருந்தார். கையில் கொட்டாப்புளி. அதன் பிடியை ஈரச் சிமெண்டில் அழுத்தி, மெதுவாகத் திருகினார். மேஸ்திரி ஓடி வந்தார்.

“பெரியவரே, எட்டுன்னுதானே ஆர்டரு?”

“மனுவ நல்லாப் பாருப்பா,” என்றார் பெரியப்பா. “ஒம்போது இருக்குது.”

திருகித் திருகி, விளிம்பை விரலால் வழித்து, வழவழப்பாக ஆக்கினார். அது இறுகும்வரை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். டீச்சரம்மா அவருக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். இருட்டுவதற்கு முன் பெரியப்பா தங்கையைக் கூப்பிட்டு ஒரு புதுக் கோலியைக் கொடுத்தார். கடைக் கோலி, வெள்ளை. அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இதில் குமிழி இல்லை என்றாள்.  பிறகு அவள் இடது கையால் குறிபார்த்து அடித்தாள். கோலி நேராக உள்ளே போனது. மறுநாள் காலையில் சைக்கிள் மணி கேட்டதும் ஓடிப் போய்ப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

நாலாம் நாள் எங்கள் பாவு விரிக்க வேண்டியது. சிமெண்டு காய இன்னும் நாளாகும் என்று மேஸ்திரி தடுத்ததால் முறை ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த வாரம் முடிந்த காலையில் நான் பாயில் படுத்தபடி ‘டொக் டொக்’ சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. குழாயில் முளை இறங்குகிற ‘கிணுங்’ என்ற சத்தம் வந்தது. எழுந்து போய்ப் பார்த்தால் அம்மா கஞ்சி தெளித்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு தூசி இல்லை. நாய் குனிந்து போனது.

இனிப் போன மாதக் கூட்டம். நீங்களும் அங்கே இருந்தீர்கள். பழைய ரோடு பேர்ந்துவிட்டது, கல் பதித்துப் புது ரோடு போட வேண்டும் என்று கேட்கத்தானே கூடினோம். இன்ஜினியரம்மா சின்னப் பெண், செல்போனிலேயே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார். நம் ஆட்கள் வாயைத் திறந்ததும் முதலில் சொன்னதே எட்டுக் குழி. இப்போது நம் தெருவில் அதை யாரும் மறப்பதில்லை. தெருவை ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு வந்து அந்தப் பெண் கேட்டார்.

“எட்டும் கணக்குல வந்துடுச்சுங்க. அந்த மரத்தடியில சின்னதா ஒண்ணு இருக்குதே, அதை மூடிடலாமா?”

அப்போதுதான் பெரியவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எல்லாருடைய தலையும் உங்கள் அத்தை பக்கம் திரும்பியது. அவள் எழுந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். “அது என்னோடதுங்க. மூட வேணாம்னு எழுதிக்குங்க,” என்றாள். இன்ஜினியரம்மா விளையாட்டா நிஜமா என்று தெரியாமல் விழித்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த டீச்சரம்மாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. ஆனால் இது மட்டும் கேட்டுவிட்டது.

“தனியா நம்பர் போட்டு எழுதும்மா,” என்றார்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டார். எழுதியதை எல்லாருக்கும் படித்தும் காட்டினார். கடைசியாக அந்த வரி வந்தபோது என் கண் தானாகக் கூட்டத்தில் ஒரு வெள்ளைச் சட்டையைத் தேடியது. அதை அடிப்பதற்குப் பெரியப்பா இல்லை. இருந்திருந்தாலும் அடித்திருக்க மாட்டார்.